பெரிய கதவும் பக்கவாசலும்

அரபு மொழியில் 'பாப்' என்று ஒரு சொல் உண்டு. வாசல் என்பதும் அதற்குப் பொருள். கதவு என்பதும் பொருள். நூலின் ஓர் இயல் என்பதும் பொருளே. மதரஸாவில் ஓதவரும் சிறுவன் ஒளுவின் பாப், தொழுகையின் பாப், நோன்பின் பாப் என்று ஒவ்வொரு வாசலாகத் திறந்துகொண்டு கல்வியின் உள்ளே செல்கிறான். அவ்வரிசையில் கொடுக்கல் வாங்கலுக்கும் தனி இடம் உண்டு. தொழுகையைக் கற்பிக்கும் அதே கிதாபுதான் தராசையும் கற்பிக்கிறது. இறையில்லத்தின் வாசலைப் பற்றிப் பேசும் அதே மார்க்கம் கடையின் வாசலைப் பற்றியும் பேசாமல் விடுவதில்லை. ஆயினும் கடைக்குக் கதவு வைப்பது தச்சருக்கும் பணத்துக்கும் உரிய செய்தி. அதில் ஆலிமுக்கு என்ன வேலை என்று எண்ணுவோர் நம்மிடையே பலர் உள்ளனர். அவ்வாறு எண்ணாத ஒரு குடும்பத்தார் அண்மையில் நம்மிடம் வந்தனர். அவர்கள் கேட்ட கேள்வியும், அதற்கு விடை தேடிச் சென்ற வழியும் நம் வாசகக் குடும்பங்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் இதனை எழுதுகிறோம்.

கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையில் குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி என்று ஊர்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. குறிஞ்சிப்பாடி கைத்தறிக் கைலிக்குப் பெயர்பெற்ற ஊர். அதன் ஒரு பக்கம் செம்மண் மேடு. அங்கே முந்திரியும் பலாவும் மணிலாவும் விளைகின்றன. மறுபக்கம் பெருமாள் ஏரிப் பாசனத்தில் நெல் விளைகிறது. 1956ஆம் ஆண்டில் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தோன்றிய பின், சுரங்கத்திலிருந்து இறைக்கும் நீரும் பரவனாற்றின் வழியே அவ்வேரிக்கு வந்து சேர்கிறது. நிறுவனத்தோடு ஒரு நகரமும் எழுந்தது. மாதச் சம்பளக்காரர்கள் வாழும் நகரம் ஒருபுறமும், விளைவிப்போர் வாழும் சிற்றூர்கள் மறுபுறமும் இருக்க, இடையே அச்சாலை ஓடுகிறது. அதன் ஓரத்தில் சொந்த நிலத்தில் ஒரு பண்ணைக் கடை கட்டுவதென அக்குடும்பத்தார் முடிவு செய்தனர். தங்கள் தோட்டத்து முந்திரிப் பருப்பு, பலாப்பழம், மணிலா எண்ணெய், அரிசி, காய்கறி ஆகியவற்றைத் தரகர் கைக்குப் போகாமல் தாமே விற்பது அவர்கள் எண்ணம்.

சுவர் எழும்பிவிட்டது. முகப்பில் பெரிய வாசலுக்கு இடம் விட்டாயிற்று. அங்கே எத்தகைய கதவு வைப்பது என்பதில்தான் வீடு மூன்றாகப் பிரிந்தது. தந்தையார் முதியவர், கடல் வாணிகம் செய்த நம் முன்னோரின் ஊர்களில் பர்மாத் தேக்கில் கடைந்த இரட்டைக் கதவுகளைப் பார்த்து வளர்ந்தவர். பூவேலை செய்த தேக்குக் கதவு வேண்டும், பத்துத் தலைமுறை நிற்க வேண்டும் என்றார். மூத்த மகன் இரும்புச் சுருள் கதவே போதும் என்றார். நாம் ஷட்டர் என்கிறோமே, அதுதான். இளைய மகன் நெய்வேலி நகரத்தார் காரில் வந்து இறங்குவார்கள், கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் இருந்தால்தான் உள்ளே வருவார்கள் என்றார். நடுமகன் நம்மிடம் ஓதியவர். "ஹஜ்ரத், மூன்று பேரும் கதவைப் பற்றித்தான் பேசுகிறார்கள், ஆனால் மூன்று பேரும் வேறு வேறு கடையைக் கட்டுகிறார்கள்" என்றார் அவர். நுட்பமான சொல். கதவைச் சொல்லுங்கள், கடையைச் சொல்லிவிடலாம்.

இதில் பணமும் கலந்திருந்தது. கையிலிருந்த தொகையில் தேக்குக் கதவு செய்தால், தராசுக்கும் எண்ணெய்க் கலங்களுக்கும் ஒதுக்கியது கரைந்துவிடும்; மீதிக்கு வட்டிக் கடன் வாங்க நேரிடும். ஹலாலான விளைச்சலை விற்கக் கட்டும் கடை, தன் வாசலிலேயே வட்டியில் கால் வைத்தால் அதில் பரக்கத் எங்கிருந்து வரும்? ஆகவே இக்கேள்வி வெறும் அழகு பற்றியதன்று என்று உணர்ந்தோம்.

கதவைத் தேர்ந்தெடுக்குமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இக்கதவு யாரை உள்ளே விடுவதற்கு? யாரை வெளியே நிறுத்துவதற்கு? இக்கேள்வியை நாம் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. உலகத்தின் தலைசிறந்த வாசலைப் பற்றியே இது கேட்கப்பட்டிருக்கிறது. புனித கஃபாவின் வாசல் ஏன் அவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். குறைஷியர் தாம் விரும்பியவரை உள்ளே விடவும், விரும்பாதவரைத் தடுக்கவும் அவ்வாறு உயர்த்தி வைத்தனர் என்று பெருமானார் விளக்கினார்கள். அம்மக்கள் அறியாமைக் காலத்தை அண்மையில்தான் விட்டு வந்தவர்கள் என்ற தயக்கம் மட்டும் இல்லையென்றால், அவ்வாசலைத் தரையோடு தரையாக அமைத்திருப்பேன் என்றும், நுழைய ஒன்றும் வெளியேற ஒன்றுமாக இரண்டு வாசல்கள் வைத்திருப்பேன் என்றும் அவர்கள் கருத்துத் தெரிவித்ததாக ஆதாரபூர்வமான ஹதீஸ் நூல்களில் காண்கிறோம்.

பிற்காலத்தில் மக்காவில் ஆட்சி செய்த அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்கள், ஹிஜ்ரி 64இல் நடந்த முற்றுகையில் சேதமுற்ற இறையில்லத்தைப் புதுப்பித்தபோது தம் சிற்றன்னையிடம் கேட்ட அந்தச் செய்தியை நினைவிற்கொண்டு தரைமட்டத்தில் இரு வாசல்கள் அமைத்தார்கள். ஹிஜ்ரி 73இல் அவர்கள் ஷஹீதான பின் ஹஜ்ஜாஜின் ஆட்சியில் ஒரு வாசல் அடைக்கப்பட்டது. மற்றொன்று பழையபடி உயர்த்தப்பட்டது. இன்றும் அது தரைக்கு மேல் இரண்டு மீட்டருக்கும் அதிகமான உயரத்தில்தான் உள்ளது. நாம் இங்கே கற்றுக்கொள்ள வேண்டியது கட்டட வரலாற்றை அன்று. வாசலின் உயரம் தற்செயலாக வருவதில்லை; அதன் பின்னே ஒரு நோக்கம் இருக்கிறது என்பதே பாடம். ஒரு படியைக் கூட்டுவதால் ஒரு கூட்டத்தை விலக்கிவிட முடியும்.

சந்தையையும் கதவையும் ஒருங்கே தொட்டுச் செல்லும் இன்னொரு நிகழ்ச்சியை வரலாற்றாசிரியர் தபரீ பதிவு செய்திருக்கிறார். ஹிஜ்ரி 17இல் கூஃபா நகரம் எழுந்தபோது ஆளுநராயிருந்த ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களின் இல்லம் சந்தைக்கு அருகில் அமைந்தது. சந்தையின் இரைச்சலைத் தடுக்க அவர்கள் கதவு வைத்துக்கொண்டார்கள் என்ற செய்தி மதீனாவுக்கு எட்டியது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் முஹம்மது இப்னு மஸ்லமா (ரலி) அவர்களை அனுப்பி அக்கதவை எரித்துவிடச் செய்தார்கள். தம்மைப் பற்றிச் சொல்லப்பட்டதை ஸஅத் அவர்கள் மறுத்ததையும் உமர் அவர்கள் நம்பினார்கள். ஆயினும் ஆள்வோருக்கும் மக்களுக்கும் இடையில் நின்ற கதவு எரிந்தது எரிந்ததுதான்.

இவற்றையெல்லாம் கேட்ட நடுமகன், "அப்படியானால் கதவே வேண்டாமா?" என்று சிரித்தார். அவர் கேட்டதிலும் பொருளுண்டு. நபிகளார் மதீனாவில் ஏற்படுத்திய சந்தை கூரையும் கதவுமில்லாத திறந்த வெளி. ஆனால் நம் கடையில் இரவில் சரக்கு இருக்கும். மழையும் காற்றும் எலியும் திருடனும் உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்பைச் சாட்டு என்று கற்பித்த மார்க்கம் பூட்டை வெறுக்கவில்லை. கதவு வேண்டும். அது இரவில் சரக்கைக் காக்க வேண்டும். பகலில் மனிதரைத் தடுக்கக்கூடாது. அவ்வளவே நாம் வகுத்துக்கொண்ட இலக்கணம்.

யார் யார் அவ்வாசலுக்கு வருவர் என்று பட்டியலிட்டுப் பார்த்தோம். காரில் வரும் நகரத்தார் ஒரு வகையினரே. சுற்றுப்புறத்துச் சிறு விவசாயிகளும் வருவர். தம் கால் காணியில் விளைந்த கத்தரியையும், வீட்டுப் பலாவின் நாலு பழத்தையும் தங்கள் சரக்கோடு சேர்த்து விற்றுத்தருமாறு அவர்கள் முன்பே கேட்டிருந்தனர். சரக்குக் கூட்டங்கள் சந்தைக்கு வந்து சேருமுன் வழியிலேயே மறித்து வாங்குவதை நபிகளார் தடுத்தார்கள். அவ்வாறு விற்றுவிட்டவர் சந்தைக்கு வந்து விலை அறிந்தபின் அவ்விற்பனையை முறித்துக்கொள்ளவும் உரிமை தந்தார்கள். விளைவித்தவன் விலை தெரியாமல் ஏமாறக்கூடாது என்பதே அதன் உட்கருத்து. தோப்பிலேயே மரத்துக்கு இவ்வளவு என்று பேசி முடித்துக்கொண்டு போகும் வழக்கத்தை அறிந்த எவருக்கும் அந்தத் தடையின் அருமை விளங்கும்.

நம் நாட்டில் ஆண்டவர்களும் இதனை உணராமலில்லை. 1933ஆம் ஆண்டின் சென்னை மாகாண வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டத்தின் வழியே ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் வந்தன. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. விளைவித்தவனும் உண்பவனும் நேருக்கு நேர் நிற்க ஓரிடம் வேண்டும் என்பதே அம்முயற்சிகளின் சாரம். தனியார் ஒருவர் கட்டும் பண்ணைக் கடையும் சிறிய அளவில் அதே பணியைச் செய்ய முடியும். ஆனால் கண்ணாடிக் கதவின் முன் நிற்கும்போது, சேறு படிந்த காலோடு மூட்டை சுமந்து வருகிறவர் உள்ளே வரத் தயங்குவார். எவரும் அவரை விரட்டவில்லை, கதவே விரட்டிவிடும். அந்தத் தயக்கத்தில் அவர் மீண்டும் தரகரிடம் செல்வார். இளைய மகனிடம் இதைச் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, குளிர்சாதனம் பழங்களுக்குப் போதும், மனிதர்களுக்கு வேண்டாம் என்று தாமே சொன்னார்.

அடுத்து வாசற்படி. தரையோடு தரையாக வாசல் என்பது கேட்க இனிமை; குறிஞ்சிப்பாடியில் அதை அப்படியே செய்ய இயலாது. 2015 நவம்பரிலும், ஃபெஞ்சல் புயலையொட்டி 2024 டிசம்பர்த் தொடக்கத்திலும் கடலூர் மாவட்டம் கண்ட வெள்ளத்தை மறந்தவர் எவருமில்லை. மேலும், சாலையைப் புதுப்பிக்குந்தோறும் அது உயர்கிறது. ஓரத்துக் கட்டடங்கள் தாழ்கின்றன. எனவே உயர்வு வேண்டும். ஆனால் அவ்வுயர்வு படியாக இருக்க வேண்டுமென்பதில்லை. கடையின் தளம் முழுவதையும் இரண்டடி உயர்த்தி, வாசலுக்கு முன்னே சரிவான பாதை அமைத்தால் போதும். ஓரடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது கட்டடக் கலைஞர் கூறும் கணக்கு. இரண்டடிக்கு இருபத்துநான்கு அடி நீளும். தள்ளுவண்டி ஏறும்; கோலூன்றும் முதியவர் ஏறுவார்; சக்கர நாற்காலியும் ஏறும். சரிவின் தலைப்பில், கதவுக்கு ஓரடி முன்னால், இரும்புக் கம்பிச் சட்டம் மூடிய சிறு வடிகால் ஒன்றைக் குறுக்காக ஓட்டினால் சாரல் நீர் உள்ளே வராது. வாசற்படியே இல்லாத வாசல் இவ்வாறு கிடைத்துவிடும்.

பிறகு அகலம். டிராக்டரின் இழுவைப் பெட்டி ஏறத்தாழ ஆறடி அகலமுடையது. மாட்டுவண்டியும் ஏறக்குறைய அவ்வளவே. இருபுறமும் ஆள் நின்று மூட்டை இறக்க இடம் விட்டால் பத்தடி வேண்டும். பாரம் ஏற்றிய வண்டி தட்டாமல் நுழைய உயரமும் பத்தடி. ஆக நூறு சதுர அடிக் கதவு. இங்கேதான் காற்றின் நினைவு வந்தது.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய அக்காற்று, பண்ணுருட்டி, குறிஞ்சிப்பாடி வட்டாரங்களின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. தாத்தா நட்டதைப் பேரன் அறுவடை செய்யும் மரங்கள் ஒரே காலையில் விழுந்தன. 140 கிலோமீட்டர் வேகக் காற்று நேராக மோதினால் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 90 கிலோ எடையின் அழுத்தம் உண்டாகும். நூறு சதுர அடி என்பது ஒன்பது சதுர மீட்டருக்குச் சற்று மேல். ஆகவே அக்கதவின்மீது எண்ணூறு கிலோவுக்கும் அதிகமான பளு சாய்ந்து நிற்பதற்கு அது சமம். கதவு தாங்காமல் திறந்துகொண்டால் சேதம் கதவோடு நிற்பதில்லை. உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தூக்கும். மேலே செல்லும் காற்றும் அதனை இழுக்கும். கூரைத் தகடுகள் பறந்த பல கொட்டகைகளில் முதலில் தோற்றது கதவாகத்தான் இருக்கும். பெரிய கதவு வைப்பவர் பெரிய பொறுப்பையும் வைக்கிறார்.

இந்த நோக்கில் மூத்த மகன் விரும்பிய சுருள் கதவை ஆராய்ந்தோம். விலை குறைவு, இடத்தை அடைப்பதில்லை, ஒருவரே ஏற்றி இறக்கலாம். ஆனால் பத்தடி அகலத்தில் அதன் மெல்லிய பட்டைகள் காற்றில் நடுவே வளைந்து, இரு பக்கத்துப் பள்ளங்களிலிருந்து வெளியே வந்துவிடும் அபாயம் உண்டு. கனத்த தகடும், ஆழமான பக்கச் சட்டமும், முனைகளில் கொக்கியும் இருந்தால் தாங்கும்; அப்போது விலையும் ஏறிவிடும். மேலே ஓடும் தண்டவாளத்தில் தொங்கி நகரும் கதவும் நல்லதே. ஆயினும் கீழே நன்றாகப் பிடித்துக்கொள்ளும் அமைப்பு இல்லையேல் புயல் நாளில் அது ஊஞ்சலாகிவிடும். உள்நோக்கித் திறக்கும் இரட்டைக் கதவுக்கோ நம் முன்னோர் கண்ட எளிய காப்பு ஒன்று உண்டு. கோட்டைக் கதவுகளுக்குப் பின்னே சுவரிலிருந்து சுவருக்குக் குறுக்கே போட்ட கணையமரம்தான் அது. காற்று தள்ளும்போது அப்பளு முழுவதும் தாழ்ப்பாளில் விழாமல் மரத்தின் வழியே சுவருக்குச் சென்றுவிடும். இரண்டு கணையமரங்கள், ஒன்று இடுப்பளவிலும் மற்றொன்று தலைக்கு மேலும் இட்டால் போதும் என்று தச்சரும் சொன்னார்.

மரம் எது? தேக்கின் சிறப்பை நாம் மறுக்கவில்லை. ஆனால் இக்குடும்பத்தின் கொட்டகைப் பரணில் வேறொன்று உறங்கிக்கொண்டிருந்தது. தானே புயலில் விழுந்த தோட்டத்துப் பலாமரங்களுள் நான்கை அவர்கள் விறகுக்கு விற்காமல் பலகையாக அறுத்து அடுக்கி வைத்திருந்தனர். ஏன் வைத்தோம் என்று அவர்களே அறியார். விற்க மனம் வரவில்லை என்றனர். பத்தாண்டுக்கு மேல் நிழலில் உலர்ந்த பலா! தஞ்சாவூர் வீணைக்குப் பண்ணுருட்டிப் பலாவைத் தேடிச் செல்கிறார்கள் என்பதை நம்மில் பலர் அறிவோம். அறுத்த புதிதில் மஞ்சளாயிருந்து, காலம் செல்லச் செல்லச் செம்பழுப்பாகக் கனியும் மரம் அது. கதவுக்கும் நிலைக்கும் நம் பக்கத்தார் அதனைப் பயன்படுத்தி வந்ததும் புதிதன்று.

தந்தையாரைப் பரணுக்கு அழைத்துச் சென்று காட்டினார்கள். அப்பலகைகளைத் தடவிப் பார்த்த அவர் தேக்கைப் பற்றி மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை என்று பின்னர் நமக்குத் தெரிவித்தனர். அவர் பத்துத் தலைமுறை நிற்கும் கதவு கேட்டார். தம் தந்தை நட்ட மரம், தாம் இழந்த மரம், தம் மக்களின் கடைக்கு வாசலாகும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

தச்சர் சொன்ன நுணுக்கங்களில் சிலவற்றை இதே போன்ற வேலை எடுப்போருக்காகக் குறிக்கிறோம். ஐந்தடி அகலம், பத்தடி உயரம், இரண்டங்குலக் கனத்தில் முழுப் பலகையாகச் செய்தால் ஒரு கதவு ஏறத்தாழ 140 கிலோ இருக்கும். அதைச் சிறுவன் திறக்க முடியாது. கீல்களும் நாளடைவில் தொய்யும். எனவே கனத்த சட்டங்களால் கட்டு அமைத்து, நடுவில் மெல்லிய பலகைகளைப் பள்ளத்தில் செருக வேண்டும். எடை பாதியளவு குறையும். மழைக்காலத்தில் மரம் அகலவாட்டில் உப்பும். செருகிய பலகைக்குச் சற்றே இடம் இருந்தால் வெடிக்காது, பிதுங்காது. கீல் பக்கத்தின் அடியிலிருந்து எதிர்ப்பக்கத்தின் உச்சிக்கு ஒரு சாய்சட்டம் கொடுத்தால் கதவின் நுனி தாழாது. கீழ் விளிம்பில் தகரப் பட்டை அடித்தால் ஈரமும் பெருச்சாளியும் தாக்கா. வடகிழக்குப் பருவமழையின் சாரல் எத்திசையிலிருந்து வருகிறது என்று பார்த்து, வாசலுக்கு மேல் நான்கடி முன்கூரை இறக்க வேண்டும். நிலையின் அடியில் கரையான் ஏறாதபடி கல்லோ கான்கிரீட்டோ இருப்பது நன்று.

வெளிச்சமும் கதவின் வேலையே. ஒருமுறை நபிகளார் சந்தையில் தானியக் குவியல் ஒன்றில் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட நபிகளார், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்ற கடும் எச்சரிக்கையையும் விடுத்தார்கள். வாங்குபவர் பொருளைக் காண வேண்டும் என்பதில் நம் மத்ஹபுகள் மிகுந்த கவனம் செலுத்துகின்றன. காணாத பொருளின் விற்பனை செல்லாது என்பதே ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்து. ஹனஃபீ மத்ஹபில் அது செல்லும். ஆனால் கண்டபின் வேண்டாமென்று விடும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. அப்படியிருக்க, மூலையில் இருள் சூழ்ந்த கடையில் முந்திரியின் புழுவையும் தக்காளியின் அழுகலையும் யார் காண்பார்? அகன்ற வாசல் வண்டிக்காக மட்டுமன்று, வாய்மைக்காகவும் அகன்றிருக்கிறது. பின்சுவரிலும் ஒரு வாசல் வைத்தால் காற்றும் ஒளியும் ஊடுருவும். கூட்டம் மிகுந்த நாளில் இடிபடாமல் வெளியேறவும் உதவும்.

பூவேலை பற்றியும் ஒரு சொல். அழகு விலக்கப்பட்டதன்று, இறைவன் அழகை நேசிப்பவன் என்று நபிமொழி உண்டு. ஆனால் அழகுக்கும் இஸ்ராஃப் எனும் வீண்விரயத்துக்கும் இடையே எல்லை உள்ளது. நேராக அறுத்த சட்டம், இசைவாகப் பொருந்திய மூட்டு, எண்ணெய் பூசிய மரத்தின் சொந்த வரி, இவையே ஒரு கடைக்குப் போதிய அலங்காரம். கடன் வாங்கிச் செதுக்கிய பூ வாடாமல் இருக்கலாம். கடன் வாங்கியவர் வாடிவிடுவார்.

எல்லாம் முடிவாயிற்று என்று நினைத்த வேளையில் கடைசிச் செய்தி வந்தது. நாள் முழுதும் நூறு சதுர அடிக் கதவைத் திறந்து வைக்க இயலாது. மழையிலும் மக்ரிபுக்குப் பின்னும் அதனைச் சாத்திவிட்டு, வந்துபோக ஒரு சிறு வழி வேண்டும். பெரிய கதவிலேயே ஒரு திட்டிவாசல் வெட்டிவிடலாம் என்றார் தச்சர். கோட்டைக் கதவுகளில் அவ்வாறு இருப்பதை நாம் அறிவோம். பகைவர் திரளாக நுழையாதிருக்க, ஒருவர் ஒருவராகக் குனிந்து, கீழ்ச்சட்டத்தைத் தாண்டி வரும்படி அமைந்த வழி அது.

அதுவரை இப்பேச்சுகளில் கலந்துகொள்ளாத அவ்வீட்டுத் தாயார் அப்போதுதான் வாய் திறந்தார்களாம். "தலையில் கூடையோடு வருகிறவள் எப்படிக் குனிவாள்? கீழே தடுக்கினால் கூடையும் போச்சு, அவளும் போனாள். கோட்டையா கட்டுகிறீர்கள்? கடைதானே!" என்றார்கள்.

இச்சொல்லை நடுமகன் நம்மிடம் வந்து சொன்னபோது, நாம் கிதாபுகளில் தேடியெடுத்துத் தந்த அத்தனையும் அந்த அம்மையாரின் ஒரு கேள்வியில் அடங்கியிருப்பதைக் கண்டோம். குறைஷியர் உயர்த்திய வாசலும், குனியவைக்கும் திட்டிவாசலும் ஒரே குணமுடையவை. வருபவரின் உடலைக் கொண்டே அவரின் தகுதியைச் சொல்லிவிடுகின்றன. காரில் வருகிறவருக்குப் பெரிய கதவு; கூடையோடு வருகிறவளுக்குக் குனியும் கதவு என்று ஆகிவிட்டால், சரிவுப் பாதை அமைத்து என்ன பயன்?

முடிவில் பெரிய கதவை வெட்டாமல் விட்டார்கள். அதனால் அதன் வலுவும் குறையவில்லை. அதன் பக்கத்திலேயே சுவரில் நான்கடி அகலம், எட்டடி உயரத்தில் ஒரு பக்கவாசல் திறந்தார்கள். கீழே தடுக்கும் சட்டமில்லை. சரிவுப் பாதை இரண்டுக்கும் பொது. நிமிர்ந்த தலையில் கூடையோடு ஒருத்தி உள்ளே வரலாம். அதே பலாப் பலகையில் அதற்கும் கதவு. வட்டிக் கடன் வாங்க நேரவில்லை. தராசுக்கு ஒதுக்கிய பணம் தராசுக்கே சென்றது. சுற்றுப்புறத்து விவசாயிகளின் சரக்கை இறக்கி எடைபோடும் இடம் பக்கவாசலை ஒட்டியே அமைந்தது. வாங்குவோர் அனைவரும் பார்க்கும்படி!

அவ்வூருக்கு அருகிலேயே, வடலூரில், 1867இல் வள்ளலார் இராமலிங்க அடிகள் தொடங்கிய தருமச்சாலை இருக்கிறது. பசித்து வருகிறவர் யார் என்று கேளாமல் உணவிடும் அடுப்பு அங்கே அணையாமல் எரிந்துவருகிறது. கொடுக்கும் இடத்தின் வாசல் எப்படியிருக்க வேண்டும் என்பதை அம்மண்ணில் பிறந்தோர் கண்டே வளர்கின்றனர். விற்கும் இடத்தின் வாசலும் அதைவிட இறுகியதாக இருக்கத் தேவையில்லை என்றே நாம் கருதுகிறோம். வணிகம் அறமன்று என்பர் சிலர். உண்மையான வணிகர் மறுமையில் நபிமார்களோடும் உண்மையாளர்களோடும் இருப்பார் என்ற நபிமொழியை ஓதியவர்கள் அவ்வாறு சொல்லார்.

பள்ளிவாசலுள் நுழையும்போது இறைவனிடம் ரஹ்மத்தின் வாசல்களைத் திறக்கும்படி கேட்கிறோம். வெளியேறும்போது அவனுடைய ஃபள்லைக் கேட்கிறோம். ஃபள்ல் என்பதில் நேர்மையாகத் தேடும் வாழ்வாதாரமும் அடங்கும் என்று விரிவுரையாளர் கூறுவர். ஜும்ஆ முடிந்து அந்த துஆவை ஓதிவிட்டு வெளியே வரும் மனிதர் நேரே சென்று திறப்பது பெரும்பாலும் தம் கடையின் கதவைத்தான். இறைவனிடம் ஒரு வாசலைத் திறக்கக் கேட்டவர், தம் கையிலுள்ள வாசலை அவனுடைய அடியார்களுக்கு எவ்வாறு திறக்கிறார் என்பதையும் அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். வீடு கட்டுவோரும் கடை கட்டுவோரும் மரத்தையும் விலையையும் கேட்குமுன் இதைக் கேட்டுக்கொள்வார்களாக. வாசல்களையெல்லாம் திறப்பவனாகிய அல்ஃபத்தாஹ், அக்கடையிலும் நம் வாசகர் இல்லங்களிலும் ஹலாலான ரிஸ்கின் வாசல்களைத் திறந்து வைப்பானாக! ஆமீன்.